சங்கிலியை அடகு வைத்துக் காணிக்கை கொடுக்கலாமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். சிறுநீரகக் கோளாறு வந்து சில மாதமாக வீட்டில் இருக்கிறார். வைத்தியம் வேலூரில் நடக்கிறது. கையில் மிச்சமிருப்பது மூன்று பவுன் சங்கிலி ஒன்று. வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வரும் ஊழியர் ஒருவர், "அதைக் கர்த்தருக்கென்று விதையுங்கள், நூறு மடங்காய்த் திரும்பி வரும், சுகமும் கிடைக்கும்" என்று சொன்னாராம். கொடுக்காவிட்டால் விசுவாசக் குறைவு ஆகிவிடுமா, பணமில்லாதவர்கள் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளரவே முடியாதா என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, முதலில் சங்கிலி விஷயத்தை முடித்துவிடுவோம். காணிக்கைக்காக அதை அடகு வைக்காதீர்கள். வைத்தே தீரவேண்டிய நிலை வந்தால், அது உங்கள் வீட்டுக்காரருடைய மருந்துக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் போகட்டும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, வேதமே சொல்கிறது. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் பரிசேயர் என்ற யூத மதத்தலைவர்களை இயேசு கடிந்துகொள்கிற ஒரு இடம் உண்டு. தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதை "இது கொர்பான், தேவனுக்கென்று காணிக்கையாக வைத்தாயிற்று" என்று சொல்லிவிட்டுக் கைகழுவ அவர்கள் வழி வைத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்த காணிக்கையால் தேவனுடைய வசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்றார் இயேசு. பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, தன் வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்றே எழுதுகிறார். படுக்கையில் இருக்கும் கணவருக்கு வேண்டிய பணத்தை எடுத்து மேடைக்குக் கொடுப்பதை விசுவாசம் என்று சொல்ல வேதத்தில் இடமில்லை.

நீங்கள் கொடுக்காததால் உங்கள் வீட்டுக்காரருக்குச் சுகம் தள்ளிப்போகுமோ என்ற பயம்தான் உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். 2 கொரிந்தியர் 8:12-ஐ எடுத்து ஒருமுறை சத்தமாய் வாசியுங்கள்: "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." இல்லாததைத் தேவன் உங்களிடம் கேட்கவே இல்லை.

சரி, இந்த "விதை" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து எடுப்பார்கள். ஒன்று, 2 கொரிந்தியர் 9. "பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" என்று அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் பவுல் 8, 9 ஆகிய அந்த இரண்டு அதிகாரங்களையும் எதற்காக எழுதினார்? எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காகப் பல சபைகளில் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பணம் பசித்தவர்கள் வீட்டுக்குப் போனது. தனக்கென்று அவர் அதில் எதையும் கேட்கவில்லை. அதோடு, அடுத்த வசனத்திலேயே "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்கிறார். உங்களுக்கு வந்திருப்பது விசனமும் கட்டாயமும் சேர்ந்த அழைப்பு.

இரண்டாவது, மாற்கு 10-ல் வரும் நூறத்தனை, அதாவது நூறு மடங்கு. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்கள் நூறத்தனையாய் அடைவார்கள் என்கிறார் இயேசு. அதே வாக்கியத்தில் "துன்பங்களோடேகூட" என்ற சொல்லும் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சேர்த்துப் பிரசங்கிப்பவர்களை நான் அதிகம் கேட்டதில்லை. அந்த நூறத்தனையில் சகோதரர், சகோதரிகள், தாய்மார் என்றும் எண்ணிச் சொல்கிறார். ஒரு தாயை விட்டு வந்தவனுக்கு நூறு தாய்மார் கிடைப்பது சபை என்ற குடும்பத்தில்தான். வங்கிக் கணக்கு இந்தப் பேச்சில் எங்குமே வரவில்லை.

மூன்றாவது, மல்கியா 3:10. "தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்." தசமபாகம் என்றால் வரவில் பத்தில் ஒரு பங்கு. இந்த வசனம் எழுதிய பலகை இல்லாத சபை நம் பக்கத்தில் குறைவு. ஆனால் அதே அதிகாரத்தில், ஐந்து வசனம் முன்னால், தேவன் யார்மேல் கோபமாய் வருகிறார் என்று பாருங்கள்: கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்கள், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்கள். அப்புறம், அந்தப் பண்டசாலையின் தானியம் எங்கே போனது? உபாகமம் 14-ன்படி, மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலயப் பணி செய்த லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவர்களுக்கும் விதவைகளுக்கும். அவர்கள் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்தச் சட்டம் உங்கள் ஊரில் இன்றைக்கு அப்படியே நடந்தால், தங்கச்சி, பண்டசாலையிலிருந்து வாங்கும் வரிசையில்தான் நீங்கள் இருப்பீர்கள்.

பல வருஷம் சபைக் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் நான் கண்டுகொண்ட ஒன்றை இங்கே சொல்கிறேன். வேதத்தில் தேவனுக்கென்று கொடுத்த பணம் எப்போதும் யாரோ ஒரு மனிதருடைய தேவைக்குப் போய்ச் சேர்கிறது. தேவனிடமிருந்து எதையும் அது வாங்கி வருவதில்லை. மன்னிப்பு, சுகம், அழைப்பு, அபிஷேகம், பரலோகத்தில் ஒரு இடம், இவை எதற்கும் விலை கிடையாது. விலை வைக்க முயன்ற இடத்திலெல்லாம் வேதம் கடுமையாகப் பேசுகிறது.

நாகமான் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் நிறை பொன், பத்து மாற்றுடை, இவ்வளவும் ஏற்றிக்கொண்டு, குஷ்டரோகம் நீங்கவேண்டும் என்று சீரியாவின் படைத்தலைவன் வருகிறான். தீர்க்கதரிசி எலிசா வெளியே வந்து அவனைப் பார்க்கக்கூட இல்லை. போய் யோர்தானில் முழுகு என்று ஆள் அனுப்புகிறார். சுகமாகித் திரும்பி வந்து வருந்திக் கேட்டும் எலிசா ஒன்றும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால், வெள்ளி கொண்டுவந்ததால் சுகம் கிடைத்தது என்றுதான் சீரியா முழுக்கப் பேசியிருப்பார்கள். வெள்ளி இல்லாத குஷ்டரோகி நம்பிக்கை இழந்திருப்பான். பின்னாலேயே ஓடிப்போய் இரண்டு தாலந்து வாங்கிய எலிசாவின் வேலைக்காரன் கேயாசி, அந்த இலவசத்தைக் கெடுத்தான்; நாகமானின் குஷ்டம் அவனைப் பிடித்தது. (கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் மருத்துவமனை இருக்கும் மாவட்டம் நம்முடையது. இந்தக் கதையை இங்கே சொல்லும்போது, நோய் வந்தவர் எல்லாரும் பாவம் செய்தவர் என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக்கூடாது. பிறவிக் குருடனைப் பற்றிக் கேட்டபோது இயேசுவே அந்த எண்ணத்தை மறுத்திருக்கிறார்.)

அப்போஸ்தலர் 8-ல் மாயவித்தை செய்துவந்த சீமோன் பணத்தைக் கொண்டுவந்து பரிசுத்த ஆவியைக் கொடுக்கும் அதிகாரத்தைக் கேட்டான். "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்றார் பேதுரு. அதற்குச் சில அதிகாரம் முன்னால்தான் அதே பேதுரு, அலங்கார வாசலில் பிச்சை கேட்ட சப்பாணியிடம் "வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை" என்று சொல்லிக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஜெர்மனியில் 1517-ல் மார்ட்டின் லுத்தர் எழுப்பிய கேள்வியும் இதுதான்: பாவ தண்டனை நீங்கப் பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுப்பது எந்த நியாயம்? புராட்டஸ்டண்டு சபைகள் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை. அந்த வழியில் வந்த நாமே இன்று வேறு பெயரில் சீட்டு விற்றால் அது பெரிய துரோகம்.

இவ்வளவு சொன்னதால் பணமே ஆகாது என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். பணம் செய்யக்கூடியதை நம் வேலூரைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் குறைவு. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனெரி வேலையே வேண்டாம் என்று இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து மூன்று கணவன்மார் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவக் கூப்பிட்டார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டரை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவில் ஒரு மூட்டைப் பணத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தேவைப்பட்டது ஒரு பெண் டாக்டர், அதாவது தன் வாழ்க்கையைக் கொடுக்கத் தயாரான ஒரு ஆள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூருக்கு வந்தார்.

பணமும் வந்தது. ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் 40 படுக்கையோடு ஒரு பெண்கள் மருத்துவமனை அந்தப் பணத்தில் எழுந்தது. அதன் பிறகு 1909-ல் செவிலியர் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் வங்காளத்துக்காரரும் வடகிழக்குக்காரரும் தேடி வருகிற சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இப்படித்தான் வளர்ந்தது. ஷெல்லின் பணம் இல்லாமல் அந்தக் கட்டிடம் இல்லை. ஆனால் ஐடா வராமல் அந்தப் பணம் மட்டும் வந்திருந்தால், பூட்டிய கட்டிடம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். பணத்துக்கு உரிய இடம் அதுதான்: ஒருவர் தன்னைக் கொடுத்த பிறகு அவர் கைக்கு ஒரு கருவியாகப் போவது.

திருப்பத்தூர் இன்னும் ஆழமான உதாரணம். அங்கே 1921-ல் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும் டாக்டர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். பேட்டன் ஸ்காட்லாந்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஊரில் இருந்துகொண்டு மாதாமாதம் காசோலை அனுப்பியிருந்தாலே யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ இங்கே வந்து, கதர் உடுத்தி, திருமணம் செய்யாமல், ஏழை நோயாளிகளின் நடுவில் வாழ்ந்தார். ஜனங்கள் அவர்கள் இருவரையும் பெரியண்ணன், சின்னண்ணன் என்று கூப்பிட்டார்கள். "அண்ணன்" என்ற முறையைக் காசு கொடுத்து யாரும் வாங்க முடியாது. கூடவே இருந்தவனுக்குத்தான் அந்த முறை கிடைக்கும்.

அப்புறம் நம் சபைகளின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். வெளியிலிருந்து வரும் ஊழியரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. என் பெரியம்மா பீடி சுற்றிப் பிழைத்தவர். கடைசி வருஷங்களில் கை நடுங்கி, சுற்ற முடியாமல் போனது. அவர் இறந்த அன்று கல்லறையில் இடம் கேட்கப் போனபோது, ஒரு நீளமான சந்தா நோட்டை எடுத்து மேசைமேல் விரித்தார்கள். பெயருக்கு நேரே ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம். கடைசி இரண்டு பக்கத்தில் அவருடைய கட்டங்கள் எல்லாம் காலி. பாக்கியைக் கட்டினால்தான் குழி வெட்ட உத்தரவு என்றார்கள். சித்திரை வெயில், வீட்டில் ஐஸ் பெட்டி இல்லை. கடைசியில் பணத்தைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு பாய். அவர்தான் பெரியம்மாவுக்கு இலை கொடுத்து பீடி வாங்கிக்கொண்டிருந்தவர். எந்தச் சபை என்பது இங்கே முக்கியமில்லை. அந்த நோட்டு இன்னும் பல சபைகளில் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். சந்தா வாங்குவது தப்பில்லை. ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, சம்பளம் வேண்டும், கரண்டு பில் கட்டவேண்டும், கூரை ஒழுகினால் பார்க்கவேண்டும். ஆனால் அந்த நோட்டைக் காட்டி ஞானஸ்நானத்தையோ திருமணத்தையோ அடக்கத்தையோ நிறுத்தும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத் தொகுப்பு இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: வறுமையின் காரணமாக யாருக்கும் ஞானஸ்நானம், திருமணம் போன்ற திருவருட்சாதனங்கள் மறுக்கப்படக்கூடாது என்கிறது 848-ஆம் சட்டம்; அடக்கச் சடங்கைப் பற்றி 1181-ஆம் சட்டமும் அதையே சொல்கிறது. பூசைக் காணிக்கை வியாபாரம் போலத் தோன்றுவதைக்கூடத் தவிர்க்கச் சொல்கிறது 947. மற்ற சபைகளும் இதைத் தங்கள் விதியில் எழுதி வைத்தால் நல்லது.

பணமில்லாதவர் வளர முடியுமா என்று கேட்டீர்கள். நம் பக்கத்து சபைகளில் பெண்கள் கொண்டுவந்த பிடியரிசியை நினைத்துப் பாருங்கள். உலை வைத்துவிட்டு, களைய எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவார்கள். எங்கள் வீட்டில் அது மூடி துருப்பிடித்த ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டி எடுத்துப்போய் ஆலயத்து அண்டாவில் கொட்டுவார்கள். ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். எந்தப் பிடி யாருடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆராதனை முடிந்ததும் படியால் அளந்து விற்பார்கள். கலப்பரிசி என்பதால் கடை விலையைவிடக் குறைவு, அதனால் வாங்குகிறவர்களும் ஏழைகளே. இதில் எனக்குப் பிடித்தது அளவு மட்டுமில்லை. அந்தப் பிடியை எடுக்கும்போது அந்த அம்மா வாய்க்குள் ஒரு ஜெபம் சொல்வார். ஒரு நாளுக்கு இரண்டு வேளை, வருஷம் முழுக்க. எனக்குத் தெரிந்த ஜெபவீரர்களில் பாதிப்பேர் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். உங்களால் இப்போது ஒரு பிடியும் முடியவில்லை என்றால் அதுவும் சரிதான். ஜெபத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஏழை விதவையின் இரண்டு காசைக் காட்டி உங்களை யாராவது நெருக்கினால் ஒன்றைக் கவனியுங்கள். மாற்கு 12-ல் அந்த நிகழ்ச்சிக்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்கள் அதிக ஆக்கினை அடைவார்கள் என்று இயேசு எச்சரிக்கிறார். அந்த விதவையிடம் அவர் காசு கேட்கவில்லை, யாரையும் அனுப்பிக் கேட்கவும் இல்லை. அவளாகப் போட்டாள்; அவர் அதைக் கண்டார். கேட்டு வாங்குகிறவர்களுக்கு அந்தக் கதையில் கிடைப்பது எச்சரிக்கைதான்.

பணம் இருப்பவர்களுக்கும் இதே எல்லைதான், இன்னும் கடினமாக. ஆலயத்துக்குக் கோபுரம் கட்டிக்கொடுத்து, தன் பெயரைக் கல்லில் பதித்துவிட்டு, கூடப்பிறந்த தம்பியோடு பாகப்பிரிவினை வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்களை நாம் எல்லாரும் அறிவோம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இருக்கிறது. கோபுரத்தைவிட அந்த ஒரு நடை கஷ்டம், ஏனென்றால் அதற்கு ஆள் அனுப்ப முடியாது. வரி வசூலித்த சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்ததைச் சொல்வோம். அநியாயமாய் வாங்கியதை வாங்கினவர்களிடமே நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுத்ததை மறந்துவிடுவோம். கூலியில் பிடித்ததைக் கூலிக்காரனிடமே கொடுக்கவேண்டும். அதை ஆலயத்துக்குக் கொடுத்தால் கணக்கு தீராது.

இனி நீங்கள் செய்யவேண்டியது. அந்த ஊழியரிடம் மரியாதையாகவே சொல்லிவிடுங்கள்: "ஐயா, எங்களுக்காக ஜெபியுங்கள். வீட்டில் வைத்தியச் செலவு இருக்கிறது, இப்போது காணிக்கை கொடுக்க முடியாது." அவர் உண்மையான ஊழியராக இருந்தால் அன்றைக்கும் ஜெபித்துவிட்டுத்தான் போவார். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. அதன் பிறகு வருவதை நிறுத்திவிட்டால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. மருத்துவமனையில் சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள். செலவு தாங்காது என்பதைக் கூச்சப்படாமல் அவர்களிடம் சொல்லி, சலுகைக்கு என்ன வழி என்று கேளுங்கள். மருத்துவமனையிலேயே போதகர்களும் உண்டு. ஜெபத்துக்கு அவர்களைக் கூப்பிடலாம், ஒரு ரூபாயும் வேண்டாம். உங்கள் சபை ஐயரிடமும் வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள். சபையின் பணத்தில் ஒரு பங்கு உங்களைப் போன்ற வீட்டுக்கு வரவேண்டியது. கேட்பது வெட்கமில்லை.

உங்கள் வீட்டுக்காரர் தேறி வேலைக்குப் போன பிறகு கொடுக்க மனம் வந்தால், 1 கொரிந்தியர் 16:2 சொல்வதுபோல வரவுக்குத் தக்கதாக வாரத்துக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். யாருக்குக் கொடுத்தாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். வருஷக் கணக்கை வாசிக்கும் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்று தயங்கவேண்டாம். எருசலேமுக்குப் பணம் கொண்டுபோனபோது பவுல் தனியாகப் போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார். யாரும் தன்னைக் குற்றப்படுத்த இடம் வரக்கூடாது என்று காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார். அது 2 கொரிந்தியர் 8-ன் பின்பகுதியில் இருக்கிறது. காணிக்கை பற்றிய பிரசங்கத்தோடு அந்தப் பகுதியையும் வாசிக்கச் சொல்லி உங்கள் சபையில் கேளுங்கள்.